ஓஸ்வால்டின் பெட்டிக்கு எந்தக் கோர்ட்?

சாவு வீட்டில் ஓஸ்வால்ட் பதறி யாரும் பார்த்ததில்லை. சடலம் வைக்கும் ஐஸ் பெட்டி செய்து விற்கிற மனிதர் பதறினால் பிழைப்பு நடக்குமா? பெங்களூரில் அல்சூர், ஒக்கலிபுரம் பக்கம் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முகத்தை அளவாகத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நிற்பார். காபி கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர், வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடியின் உச்சியில், மகள் மௌரீனின் மேனேஜருடைய அப்பா இறந்ததற்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில் பேயறைந்தவர் போல நின்றுவிட்டார்.

பெட்டியின் நடுவில் ஓடிய இணைப்பை உற்றுப் பார்த்தார். குனிந்தார். அப்புறம் முட்டி போட்டே உட்கார்ந்துவிட்டார். துக்கம் தாங்காமல் சாய்ந்துவிட்டார் என்று நினைத்து யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள், யாரோ தண்ணீர் நீட்டினார்கள். மேனேஜரின் மனைவி, "அங்கிள், மாமாவ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள். அது ஓஸ்வால்டுடைய பெட்டி. ஆனால் அவர் செய்த பெட்டி இல்லை. யாரோ செய்து, வேறு ஸ்டிக்கர் ஒட்டி, அங்கே கொண்டு வந்து வைத்திருந்தார்கள்.

சாதாரண ஐஸ் பெட்டி ஒரே நீளமாக இருக்கும். அல்சூரின் பழைய வீடுகளில் அது மாடிப்படியில் திரும்பாது. புது அடுக்குமாடிகளில் லிஃப்ட்டுக்குள் நுழையாது. ஓஸ்வால்டின் பெட்டி இரண்டு பாதியாகப் போகும், குளிரூட்டும் மெஷின் தனியாகப் போகும். வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் ஒரே பெட்டி. கேட்பதற்குச் சுலபம். ஆனால் நடு இணைப்பில் குளிர் கசியும், கசிந்தால் கண்ணாடி வியர்க்கும், வியர்த்தால் உள்ளே இருப்பவர் முகம் வெளியே தெரியாது. இரட்டை ரப்பர் பட்டையும் அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளமாகக் காடியும் வைத்து அவர் அதை அடக்கியிருந்தார். வைட்ஃபீல்டு பெட்டியில் அந்த ரப்பர் இருந்தது, காடி இருந்தது. முதல் பெட்டியில் அவர் தப்பான இடத்தில் போட்டுவிட்டு, பரவாயில்லை என்று அப்படியே விட்டுவிட்ட ஒரு ஓட்டைகூட இருந்தது. அந்த ஓட்டைக்குள் அவர் விரலை விட்டுப் பார்த்தார்.

அவர் பெட்டி செய்ய வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடிப்படையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மனைவி அன்னாவின் அம்மா இறந்தபோது வாடகைப் பெட்டி மாடி ஏறவில்லை. கிழவியை, பாவம், கீழே பார்க்கிங்கில் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் வைத்துச் செபமாலை சொன்னார்கள். நாலாம் வீட்டுக்காரன் வேலைக்குப் போக பைக்கை எடுக்க வேண்டும் என்று பெட்டியை நகர்த்தச் சொன்னான். அந்த அவமானம் அன்னாவுக்குள் தைத்துவிட்டது. பின்னாளில் அவளுக்கே நோய் முற்றி, டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னபோது, "என்னையும் கீழ போட்டுடாதீங்க. நம்ம ஹாலிலேயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். ஓஸ்வால்ட் ஒக்கலிபுரத்தில் ஒரு ஷெட்டில் தகரம் வெட்ட ஆரம்பித்தது அப்போதுதான். அவள் படுத்துக்கொண்டே, தைக்கக் கொடுத்த ரவிக்கையைப் பற்றி விசாரிப்பவள் போல, "முடிஞ்சுதா?" என்று கேட்பாள். இவர், "இன்னும் கசியுது" என்பார். அது முடிந்தது, அவளும் போனாள், ஹாலிலேயே இருந்தாள். அதற்கப்புறம் மௌரீன்தான் அவரை விரட்டி விரட்டி, வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று பேடன்ட் வாங்க வைத்தாள். அன்னா இல்லாத வீட்டில் அவரைக் காலையில் எழுப்பி வெளியே அனுப்பியது அந்த ஷெட் ஒன்றுதான்.

இப்போது பீனியா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அதையே மிஷின் போட்டுக் குவிக்கிறது. விட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

வக்கீல் கிருத்திகா ஈரோட்டுப் பெண். பெங்களூரு, சென்னை இரண்டு ஊரிலும் இந்த மாதிரி வழக்குகளை மட்டுமே பார்ப்பவள். அவளிடம் போய் உட்கார்ந்ததும் ஓஸ்வால்ட், கம்பெனிக்காரனை நேரில் போய்ப் பார்த்து நாலு வார்த்தை கேட்கப்போவதாகக் குதித்தார்.

"தயவு செஞ்சு போன்கூடப் பண்ணாதீங்க சார்," என்றாள் அவள். "மிரட்டறாங்கன்னு சொல்லி அவங்க முந்திக்கிட்டு அவங்களுக்குத் தோதான கோர்ட்டுக்கு ஓடிடுவாங்க. எடத்த நாமதான் முடிவு பண்ணணும். பெங்களூரு, டெல்லி, சென்னை, மூணுல ஒண்ணு. பாதி கேஸ் அதுலதான் இருக்கு."

ஓஸ்வால்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் என்றால் நாடு முழுக்க ஒன்றுதான் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் போல நம்பியிருந்தவர் அவர். "அதென்னம்மா, திருடுனவன் பீனியாவுல இருக்கான், நான் அல்சூர்ல இருக்கேன். டெல்லி எங்கேந்து வந்துச்சு? ரசல் மார்க்கெட்ல மீனு வாங்கற மாதிரி செவுளத் தூக்கிப் பாத்தா கோர்ட்ட வாங்குவாங்க?"

"அப்படித்தான் சார் வாங்கணும்," என்று கிருத்திகா சிரிக்காமல் சொன்னாள். "இங்க போட்டா சுலபம். கம்பெனி இங்கயே இருக்கு, வேற எந்த ஆதாரமும் தேட வேணாம். ஆனா அவங்க சும்மா இருப்பாங்களா? இந்தப் பேடன்ட்டே செல்லாது, ரத்து பண்ணுங்கன்னு எதிர் மனு போடுவாங்க. போட்ட உடனே கீழ்க் கோர்ட் கைய விட்டுரும், கேஸ் ஹைகோர்ட்டுக்கு மாறும். ஃபைல் ஏறி எறங்கி நிக்கறதுக்குள்ள அவங்க ஊரெல்லாம் வித்துடுவாங்க. டெல்லியில தடை சீக்கிரம் கெடைக்கும்னு சொல்லுவாங்க, ஆனா அவங்க அங்க வித்த மாதிரித் தெரியல. வெப்சைட் டெல்லியில தெறக்குதுங்கறது மட்டும் பத்தாது."

"சென்னை?"

"அதுதான் எனக்குப் பிடிச்சது. ஹைகோர்ட்லயே நேராப் போடலாம். இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. ரத்து மனு வந்தாலும் கேஸ் எங்கயும் நகராது. ஆனா சென்னைக்குள்ள அந்தப் பெட்டி வித்திருக்குன்னு காட்டணும். நாமளே ஆள் வச்சு வாங்கினா வலை விரிச்சோம்னு சொல்லித் தள்ளிடுவாங்க. தானா நடந்ததா இருக்கணும்."

பிறகு அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு இன்னொன்று கேட்டாள். "பேடன்ட்டுக்கு மனு போடறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டிய வெளியில யாருக்காவது காட்டுனீங்களா சார்? எக்ஸிபிஷன், டீலர், எதாவது?"

"ஒருத்தருக்கும் இல்ல. மாதா சத்தியமா இல்ல," என்றார் ஓஸ்வால்ட். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மௌரீனும் தலையை ஆட்டினாள்.

சென்னையில் தானாக நடந்த ஒரு சாவு வேண்டும். ஓஸ்வால்ட் அன்றைக்கே பெரம்பூரில் இருக்கும் மச்சான் லாயிட்டுக்குப் போன் போட்டார். லாயிட் அன்னாவின் தம்பி, அடக்கம் என்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறவன். அவனுக்கு விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஒவ்வொரு சாவு வீட்டிலும் குனிந்து குனிந்து பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். சீக்கிரமே போன் வந்தது.

"மாமா, கெடச்சிடுச்சு! நம்ம கொயர்ல பாடுவாரே பெரியவர், அவரு போயிட்டாரு!"

"அய்யோ, அப்படியா? ரொம்ப சந்தோஷம்டா," என்று சொல்லிவிட்டு ஓஸ்வால்ட் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அடக்கம் முழுவதும் வீடியோவில் இருந்தது. அவர்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் துபாயிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். லீவு கிடைக்காதவர்கள் பார்ப்பதற்காக, உறவிலும் தெரிந்தவர்களிலும் யார் இறந்தாலும் ரயான் என்ற பையன் கேமராவோடு வந்து நேரலையில் காட்டிவிடுவான். பெங்களூரு சாவு, சென்னைச் சாவு எல்லாம் அவனுடைய யூடியூப் பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும். கொயர் பெரியவரின் வீடியோவில் பெட்டி பளிச்சென்று தெரிந்தது, கம்பெனியின் ஸ்டிக்கரும் தெரிந்தது. கம்பெனியிடம் அதை விலைக்கு வாங்கிய பெரம்பூர்க் கடைக்காரரும் ரசீதின் நகலைக் கொடுத்துவிட்டார். ஓஸ்வால்ட் அந்த வீடியோ லிங்க்கைக் கிருத்திகாவுக்கு அனுப்பினார். அவள் அதை வழக்கு மனுவில் சேர்த்து, சென்னை ஹைகோர்ட்டில் போட்டாள்.

இடைக்காலத் தடை கிடைத்தது. கம்பெனி அந்தப் பெட்டியை விற்கக் கூடாது. ஓஸ்வால்ட் ஷெட் ஆட்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "எடம் பாத்து அடிச்சோம் பாத்தியா?" என்று மௌரீனிடம் பெருமை பேசினார். மீன் மார்க்கெட் பேச்செல்லாம் மறந்து போயிருந்தது.

கம்பெனியின் பதிலைக் கேட்க நீதிபதி நாள் குறித்தபோது, ஓஸ்வால்ட் மகளோடு சென்னைக்கு வந்து கோர்ட்டில் பின் வரிசையில் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் நரைத்த மீசைக்காரர், குரலை உயர்த்தவே இல்லை. பேடன்ட் வாங்கப் போவதற்கு முன்பே இந்தப் பெட்டி ஊரறியப் பயன்பட்டுவிட்டது, ஊரறிந்த பிறகு அது புதுசாகாது, ஆகவே பேடன்ட்டை ரத்து செய்ய வேண்டும் என்றார். அதற்கான சாட்சியத்தை வழக்குப் போட்டவரே கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னார். சென்னையில் வழக்குப் போடத் தகுதி இருக்கிறது என்று காட்டுவதற்காக அவர் தந்த லிங்க்கைத் திறந்து, அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்தார்களாம்.

நீதிபதி அனுமதிக்க, சுவரில் இருந்த பெரிய திரையில் அது ஓடியது. அல்சூர் வீட்டு ஹால். லாயிட்டும் இன்னொருவரும் படியேறி வருகிறார்கள், ஆளுக்கு ஒரு பாதிப் பெட்டி. ஓஸ்வால்ட் நடுவில் குனிந்து பூட்டுகிறார். கேமரா ஆடி, நகர்ந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

அன்னா.

ஓஸ்வால்ட் எழுந்து நின்றுவிட்டார். அவள் கோர்ட்டுக்குள் வந்து படுத்திருக்கிறாள், கறுப்புக் கோட்டுக்காரர்கள் கழுத்தை நீட்டி அவளைப் பார்க்கிறார்கள், ஒருவர் எதையோ குறித்துக்கொள்கிறார். மௌரீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் கை ஐஸ்போல இருந்தது. நீதிபதி போதும் என்று கையைக் காட்டி, திரையை அணைக்கச் சொல்லி, அடுத்த வாரத்துக்குள் வாதி பதில் தாக்கல் செய்யட்டும் என்றார்.

வராந்தாவில் கிருத்திகா வெடித்தாள். "நான் கேட்டேனே சார்! யாருக்காவது காட்டுனீங்களான்னு அப்பவே கேட்டேனே!"

"காட்டுறதா?" ஓஸ்வால்ட் அவளை வெறித்துப் பார்த்தார். "அது எம்பொண்டாட்டி சாவும்மா."

கிருத்திகாவைச் சொல்லியும் குற்றமில்லை, இவரைச் சொல்லியும் குற்றமில்லை. எந்தப் புருஷன் மனைவியின் அடக்கத்தைக் கண்காட்சிக் கணக்கில் சேர்ப்பான்? பெங்களூரிலேயே போட்டிருந்தால் எந்தச் சாவு வீட்டு வீடியோவும் வேண்டியிருந்திருக்காது, ரயானின் பக்கத்தை எவனும் திறந்திருக்க மாட்டான். நல்ல கோர்ட்டாகப் பார்த்துத் தேடிப் போய், கையாலேயே லிங்க்கையும் எடுத்துக் கொடுத்து, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாகிவிட்டது. எனக்கே எழுதும்போது ஆத்திரமாக வருகிறது.

"இப்ப இத வாபஸ் வாங்கிட்டுப் பெங்களூர்ல போட முடியாதா?" என்று மௌரீன் கேட்டாள்.

"எங்க போட்டாலும் இந்த வீடியோ பின்னாடியே வரும்." கிருத்திகா குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒரே ஒரு வழி இருக்கு சார். அம்மா தவறினதுக்கும் நீங்க மனு போட்டதுக்கும் நடுவுல ஒரு வருஷம் ஆகல. ஒரு வருஷத்துக்குள்ள, ஒரு பொருள் சரியா வேலை செய்யுதான்னு பரிசோதிச்சுப் பாக்க மட்டும் வெளியில பயன்படுத்தினா, அத நாலு பேர் முன்னாடிதான் பண்ணியாகணும்னா, சட்டம் மன்னிக்கும். அன்னைக்கு நடந்தது அந்தப் பெட்டிக்கான சோதனைதான்னு நீங்க சத்தியப் பிரமாணப் பத்திரம் குடுக்கணும்."

"என்ன பேசறீங்க மேடம்?" மௌரீன் கத்தியே விட்டாள். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மம்மியோட ஃப்யூனரல் டெஸ்ட்டா? மம்மி என்ன சாம்பிளா?"

ஷெட் போகட்டும், பெட்டி போகட்டும், அன்னாவை வைத்துச் சோதனை பார்த்தேன் என்று ஆண்டவர் பெயரால் கையெழுத்துப் போடுகிற பாவத்தை மட்டும் செய்வதில்லை என்று ஓஸ்வால்ட் அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டார். கிருத்திகா வற்புறுத்தவில்லை. "நாளைக்குச் சொல்லுங்க. எதுக்கும் அந்த வீடியோவ ஒரு தடவ முழுசாப் பாத்துடுங்க, எதெல்லாம் தெரியுதுன்னு எனக்குச் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை லாயிட் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, டிவியில் அதைப் போட்டார்கள். ஓஸ்வால்ட் இதுவரை அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை. பார்க்கிற தைரியம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழத் தயாராக, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மௌரீன் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுகிறாள். லாயிட் தலைமாட்டில் நின்று தேம்புகிறான். ஓஸ்வால்ட் கால்மாட்டில் இருக்கிறார், குனிந்து ரப்பரைத் தடவிக்கொண்டிருக்கிறார். பெண்கள் செபமாலை சொல்கிறார்கள். ஓஸ்வால்ட் மெஷின் பக்கம் போய்க் குளிர் எவ்வளவு என்று பார்க்கிறார், திரும்பி வருகிறார், மறுபடி போகிறார். யாரோ ஒரு கிழவர் அவரைக் கட்டிப்பிடித்துத் தேற்றுகிறார், அந்தக் கிழவரின் தோளுக்கு மேலாக இவர் கண் நடு இணைப்பைத் தேடுகிறது. கைக்குட்டையை எடுக்கிறார். அழப்போகிறார் என்று டிவி முன்னால் இருந்த ஓஸ்வால்ட் நினைத்தார். இல்லை, கண்ணாடியில் இணைப்புக்கு மேல் விரலால் தொட்டுப் பார்த்து, அது வியர்க்கவில்லை என்று தெரிந்ததும் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்கிறார். முகத்தில் ஒரு மலர்ச்சி. நன்றாகவே தெரிகிறது. ஃபாதர் தீர்த்தம் தெளிக்கும்போது ரப்பரில் படாமல் கையை வைத்து மறைக்கிறார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அன்னாவைப் பார்ப்பேன், இதோ பார்ப்பேன் என்று ஓஸ்வால்ட் காத்திருந்தார். கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள். ஒவ்வொருவராக வந்து அன்னாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். "டாடி, வாங்க" என்று மௌரீன் கூப்பிடுகிற குரல் கேட்டது. டிவிக்குள் இருந்த ஓஸ்வால்ட், திறந்த மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் விளிம்பில் ரப்பர் எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றார். பிறகு அவளைத் தூக்கிச் சவப்பெட்டியில் வைத்து, மூடி, கொண்டு போய்விட்டார்கள்.

அவர் முத்தம் கொடுக்கவே இல்லை.

கொடுத்ததாகத்தான் இத்தனை வருடமும் அவருக்கு நினைவு. நெற்றி சில்லென்று இருந்ததுகூட நினைவிருந்தது. ஓஸ்வால்ட் பிரமை பிடித்தவர் போலத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

மௌரீன் டிவியை அணைத்தாள். "அன்னைக்கே தெரியும் டாடி. எல்லாரும் பாத்தோம்," என்றாள். "துக்கத்துல ஏதோ பண்றீங்கன்னு விட்டுட்டோம்."

லாயிட் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்படியில் அவன் மனைவி பாத்திரம் கழுவுவது கேட்டது. ஓஸ்வால்ட் போனை எடுத்தார். கிருத்திகாவின் எண் இரண்டு முறை தவறிப்போய் மூன்றாம் முறை கிடைத்தது.

"எழுதிடுங்கம்மா, அந்தப் பத்திரத்த. நான் கையெழுத்துப் போடறேன்."

"சார், நல்லா யோசிச்சீங்களா? அவங்க உங்களக் கூண்டுல ஏத்திக் குறுக்க குறுக்கக் கேப்பாங்க. பொய்யின்னு சொல்லுவாங்க."

"பொய்யில்லம்மா," என்றார் ஓஸ்வால்ட். "அந்த வீடியோவையே போட்டுக் காட்டுங்க. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நான் பெட்டியத்தான் பாத்துட்டிருக்கேன். ஒரு தடவகூட அவ மொகத்தப் பாக்கல."